மாற்று ஹெட் இல்லாத டர்போ வண்டி

எங்கள் மெக்கானிக் சங்கக் கூட்டத்தில் பேசச் சொல்லி என்னை இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் போனேன். மைக்கைக் கண்டதும் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து, வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். இந்தத் தடவை சங்கத்துத் தம்பிகள் விடவில்லை. எழுதியாவது கொடுங்கள் என்றார்கள். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். பிழைகளை என் மருமகள் பார்த்துத் திருத்தியிருக்கிறாள்.

தம்பிகள் கேட்டது இதுதான். டர்போ வைத்த நாலு சிலிண்டர் கார்களுக்கு இப்போது பெரிய வால்வு, ரேஸ் கேம், கம்ப்யூட்டரில் வெட்டிய ஹெட் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. இதில் எதை எடுப்பது, எதை விடுவது?

ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன். அந்த வண்டியை நினைத்தால் இன்றைக்கும் என்னால் உட்கார முடியாது, எழுந்து நடக்கத் தோன்றும்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் பழனி ரோட்டில் சிக்கந்தர் பாய் பட்டறையில் சேர்ந்தேன். என்ஜினுக்கு மேல் மூடியாக உட்கார்ந்து வால்வுகளைத் தாங்குகிற ஹெட், அந்த வேலை மட்டுமே செய்கிற பட்டறை. மண்ணெண்ணெயில் கழுவினேன், வால்வு தேய்த்தேன், பிறகு வால்வு உட்காருகிற சீட் வெட்டக் கற்றேன். ஆயக்குடி கொய்யா ஏற்றுகிற வேன்கள், வெங்காய லாரிகள், ஜீப்புகள் என்று ஆயிரக்கணக்கான ஹெட்டுகள் என் மேஜைக்கு வந்து போயின. போன வருடம் கிரைண்டர் அதிர்வில் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. நிறுத்து என்றார் டாக்டர். நிறுத்திவிட்டேன்.

சிக்கந்தர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறைக்கு வெள்ளைச் சட்டையில் வருவார், வெள்ளைச் சட்டையிலேயே வீட்டுக்குப் போவார். வேலை நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஹெட்டின் பக்கம் திரும்பிவிடுவார். அதுதான் அவர் பாராட்டு. வருகிற வாடிக்கையாளரிடம் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "எந்த ரோட்டுல ஓடுது?" பதில் கேட்டுவிட்டு, அந்த ரோட்டில் அந்த வண்டியில் ஒரு தடவை உட்கார்ந்து போய்விட்டு வருவார். அதற்கு முன்னால் ஹெட்டில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விட மாட்டார். கொடைரோடு வரைக்கும் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து போய் வந்த மனிதர் அவர்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் பட்டறைக்கு வந்த எந்த ஹெட்டும் பேஸ் அடிக்காமல் வெளியே போகாது. பேஸ் அடிப்பது என்றால் ஹெட்டின் அடிப்பக்கத்தை மெஷினில் சீவிச் சமமாக்குவது. லாரி ஹெட்டுக்கு அது நல்ல பழக்கம்.

அப்படி இருந்தபோது ஒரு நாள் பூங்கொடி வந்தார். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் ஒருவரின் மகள். முப்பது வயது இருக்கும். மலை ரோட்டை அடைத்துவிட்டு ஒவ்வொரு காராக ஏறவிட்டு நேரம் பார்ப்பார்களே, அந்தப் போட்டியில் ஓட்டுகிறவர். டர்போ பெட்ரோல் வண்டி, நாலு சிலிண்டர், பதினாறு வால்வு. டிக்கியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து என் மேஜையில் வைத்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெரிய வால்வுகள், அவற்றைத் தூக்கி இறக்குகிற ரேஸ் கேம்கள். ஒவ்வொன்றும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி நகை மாதிரி இருந்தது. எனக்குக் கை அரித்தது. இதற்கு ஏற்றாற்போல் காற்று வழியைக் குடைந்து பெரிதாக்கினால் எப்படி இருக்கும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

பாய் பெட்டியைப் பார்க்கவில்லை. "எந்த ரோட்டுலம்மா ஓடுது?" என்றார்.

"மலை ரோடுதானுங்க பாய். இந்த வருசம் கடைசிப் போட்டி சேலத்துப் பக்கம் இருக்குதுங்க. சொந்த வண்டிக்காரங்கள்ல யார் மொத வாராங்களோ, அவங்களுக்கு அடுத்த வருசம் கோயமுத்தூர் டீம்ல எடம். டீம் வண்டி, டீம் செலவு. எங்கப்பா இந்த வருசத்தோட நான் கை கழுவிட்டேன்னுட்டாருங்க. இதுல விட்டா மண்டியில தக்காளி ஏலம் கூவிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

"தக்காளி ஏலத்துக்கு என்ன கொறச்சல்?"

"ஒரு கொறையும் இல்லீங்க. எங்கண்ணன் நல்லா கூவுறான். நான் வேற எதுக்கு?"

பாய் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்ததாகப் பூங்கொடி சொன்னதுதான் விஷயம். அந்த மாடல் வண்டி சில வருடம் மட்டும் விற்றுவிட்டு நின்றுபோனது. ஹெட் கிடைக்காது. பழைய இரும்புக் கடைகளில் தேடி ஒன்று கண்டுபிடித்திருக்கிறார், அதுவும் இரண்டாக உடைந்தது. ஆக, வண்டியில் இருப்பதுதான் ஒரே ஹெட். அது கெட்டால் போட்டி இல்லை, டீம் இல்லை.

மறுநாள் விடிந்ததும் சிறுமலை ரோட்டில் ஏறினோம். பாய் முன்னால், நான் பின்னால்.

"எப்படிப் போகட்டுங்க பாய்?"

"எப்பவும் போற மாதிரி போம்மா. எதுக்க பஸ் வந்தா மட்டும் என் பிள்ளைகுட்டிய நெனச்சுக்க."

ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, ஒழுங்காகத்தான் ஓட்டினார். ஆனால் எவ்வளவு நேர்த்தி! ஸ்டியரிங்கைத் திருப்புகிற கை அவசரப்படவே இல்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவு முடிந்து வண்டி நிமிர்கிற இடத்தில், கண்ணைத் திறக்காமலே, "இங்க தூங்குது" என்றார்.

"அதேதானுங்க பாய்! நேர் ரோட்டுல பறக்குது. வளைவு விட்டு வெளிய வரும்போது மிதிச்சா, யோசிச்சு யோசிச்சுத்தான் ஏறுது. எனக்கு நேரம் போறது பூராவும் அங்கதான்."

"ஏலே பாண்டி, கேட்டியா?"

"கேட்டேன் பாய்."

"என்ன கேட்ட?"

என்ஜினுக்குள் லேசாகச் சில்லுச் சில்லென்று ஒரு சத்தம், டப்பாவில் கடுகு குலுக்கினது போல. "உள்ள தட்டுது பாய்" என்றேன். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சரி என்று அர்த்தம்.

பட்டறைக்கு வந்து பொறி தருகிற பிளக்குகளைக் கழற்றினோம். அவற்றின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளிகள். அது பிஸ்டனிலிருந்து தெறித்த அலுமினியம். உள்ளே பெட்ரோல் வேளைக்கு முன்னால் வெடித்துத் தட்டுகிறது என்பதற்கு அடையாளம். அப்படித் தட்டினால் இந்தக் காலத்து வண்டியில் கம்ப்யூட்டர் என்ஜினைக் காப்பாற்றுவதற்காகப் பொறியைத் தாமதப்படுத்திவிடும், இழுவை குறையும். அதுதான் வளைவில் தூக்கம்.

ஏன் தட்டுகிறது? ஹெட்டைக் கழற்றி, பெட்ரோல் எரிகிற அறைகளின் கொள்ளளவைப் பார்த்தேன். இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹெட்டைக் குப்புறப் போட்டு, அறையின் வாயில் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டை ஒட்ட வேண்டும். டாக்டர் ஊசியில் நிறம் கலந்த மண்ணெண்ணெயை எடுத்து அந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கடைசிக் காற்றுக்குமிழ் ஓட்டைக்கு வந்து வெளியேறுகிற நொடியில் நிறுத்த வேண்டும். எவ்வளவு உள்ளே போனதோ அதுதான் அறையின் அளவு.

நாலு அறையுமே சின்னதாக இருந்தன. இந்த வண்டி பூங்கொடியிடம் வருவதற்கு முன்னால் வேலை பார்த்த பட்டறைகள் இதற்குத் திரும்பத் திரும்பப் பேஸ் அடித்திருக்கின்றன. சீவச் சீவ அறை சின்னதாகும், அழுத்தம் கூடும். டர்போ இல்லாத வண்டி அதைத் தாங்கும். டர்போ வேறு மேலே இருந்து காற்றைத் திணிக்கும்போது தாங்காது.

பாய் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவருடைய பழக்கமே இந்த ஹெட்டுக்கு எதிரி. "நம்ம பட்டறையில பேஸ் அடிக்காம ஒரு ஹெட்டும் போனதில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு கீறல் பார்த்தோம். சிவப்பு மருந்தை அடித்து, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்தால், கீறல் இருக்கிற இடத்தில் சிவப்பு கசிந்து வெளியே வரும். முதல் அறை வெள்ளை. இரண்டாவது வெள்ளை. மூன்றாவதில் புகை போகிற வால்வுக்கும் பிளக் துளைக்கும் நடுவே ஒரு சிவப்புக் கோடு, முடி கனத்தில், மெதுவாக எழும்பி வந்தது.

பூங்கொடி மேஜை ஓரத்தில்தான் நின்றிருந்தார். அவரும் பார்த்துவிட்டார்.

"வெல்டு வைக்கலாங்களா?" என்றார்.

"வெக்கலாம்மா. சூட்டுல அலுமினியம் எளகிப்போகும், ஹெட்டு வளைஞ்சாலும் வளையும். மாத்து ஹெட்டு இருந்தா நானே வெச்சுப் பாத்துருவேன்" என்றார் பாய். பெட்டியிலிருந்து பெரிய வால்வு ஒன்றை எடுத்து அந்த இடத்தில் பிடித்துக் காட்டினார். "இதப் போடணும்னா சீட்டு பெருசா வெட்டணும். கட்டரு நேரா கீறல் மேல ஏறும்."

பூங்கொடி அந்த வால்வைக் கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி மறுபடி பெட்டியில் வைத்தார். "அது வேண்டாமுங்க. வேற வழி சொல்லுங்க."

வழி எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. பாய் என் முகத்தைப் பார்த்தார். "சொல்லுலே. ஹெட்டு உன் மேஜையில கெடக்கு."

"அறை சின்னதா இருக்கு, பெருசாக்கணும். எப்படியும் உள்ள கொஞ்சம் தேய்க்கணும். கீறல் இருக்குற எடத்துலயே தேச்சா... கீறல் ஆழமில்லைன்னா அதோட போயிரும்."

"ஆழமா இருந்தா?" என்றார் பூங்கொடி.

"அந்தப் பக்கம் தண்ணி ஓடுற வழி. ஓட்டை விழுந்துரும்."

ரோட்டில் பழனி பஸ் ஒன்று போனது. பிறகு பூங்கொடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"தேய்ங்கண்ணா."

"பிஸ்மில்லா சொல்லி ஆரம்பி" என்றார் பாய். நான் முருகனையும் சேர்த்துக்கொண்டேன்.

பாய் ஒரு மெல்லிய கம்பியை வளைத்துத் தண்ணீர் வழிக்குள் விட்டார். அதன் நுனி உள்சுவரைத் தொடுகிற இடத்தை வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து எவ்வளவு கனம் மிச்சம் என்று அவருக்குத் தெரியும். நான் கிரைண்டரில் சின்னக் கட்டரை மாட்டி, தொட்டுத் தொட்டு எடுத்தேன். ஒரு சுற்று தேய்ப்பது, கழுவுவது, சிவப்பு அடிப்பது, துடைப்பது, வெள்ளை அடிப்பது, காத்திருப்பது.

முதல் சுற்றில் கோடு அப்படியே வந்தது. அடுத்த சுற்றில் பாதியாகிக் கண்ணிமை முடி அளவுக்கு வந்தது. எனக்குள் ஏதோ துள்ளியது. இன்னொரு சுற்று. கோடு இல்லை, கடுகளவு புள்ளி மட்டும்.

"நில்லு" என்றார் பாய். கம்பியை விட்டுத் தடவினார். "இன்னும் ஒரு தடவைதான். அதுக்கு மேல நான் விட மாட்டேன்."

அந்த ஒரு தடவை நான் எப்படித் தேய்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கழுவினேன். சிவப்பு அடித்தேன். துடைத்தேன். வெள்ளை அடித்தேன். மூன்று பேரும் தலையோடு தலை முட்ட அந்தச் சின்னக் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை காய்ந்தது. காய்ந்த பிறகும் வெள்ளையாகவே இருந்தது.

"எங்க?" என்றார் பூங்கொடி.

"காணோம்" என்றேன்.

"காணோமா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து டயர் கடைக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். பாய் வெள்ளைச் சட்டை நுனியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சட்டையில் சிவப்பு மருந்து பட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு அறையைத் தேய்த்தால் மற்ற மூன்றையும் அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் நாலும் ஒன்றாக உழைக்காது. தேய்த்து, மண்ணெண்ணெய் விட்டு, மறுபடி தேய்த்து நாலையும் சமமாக்கினேன். கடைசியில் அளந்து பார்த்தால், நாங்கள் வேண்டும் என்று நினைத்ததைவிட அறைகள் கொஞ்சம் பெரிதாகியிருந்தன. கீறலைத் துரத்திப் போனதில் அப்படி ஆகிவிட்டது. இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் உண்டு. அடிப்பக்கத்தைத் துளியளவு சீவ வேண்டும்.

பாயிடம் சொன்னேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே!

"பேஸ் அடிக்கணுமாக்கும்?"

"ஆமா பாய்."

"நான் என்ன சொன்னேன்? நம்ம பட்டறையில பேஸ் அடிக்காம ஹெட்டு போகுமா?" என்று அவரே மெஷினில் ஏற்றினார். காகிதம் கனத்துக்குத்தான் சீவினார். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. ஹெட்டுக்கு அடியில் வைக்கிற, பல தகடு சேர்ந்த இரும்பு கேஸ்கெட்டுக்கு அப்படி வழவழப்பாகத்தான் இருக்க வேண்டும், அதனால் அதுவும் நல்லதாகப் போயிற்று.

தம்பிகள் கேட்ட பட்டியல் இனிமேல்தான் வருகிறது. ரேஸ் கேம் போடவில்லை. பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டைப் பூட்டி, என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தோம். களிமண்ணில் வால்வு பதிந்த இடம் மிக மெல்லிசாக இருந்தது. பழைய சீவல்களால் வால்வு பிஸ்டனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் உயரமாகத் தூக்குகிற கேம் போட்டிருந்தால் முட்டியிருக்கும். அது மட்டும் காரணம் இல்லை. அந்தக் கேம் நேர் ரோட்டில் உச்ச வேகத்துக்கு நல்லது. பூங்கொடிக்கு வேண்டியது வளைவு முடிகிற இடத்தில்.

காற்று வழியையும் நான் பெரிதாக்கவில்லை. கை அரித்ததை அடக்கிக்கொண்டேன். வழி அகலமானால் கீழ் வேகத்தில் காற்று சோம்பிவிடும். சீட்டுக்குப் பின்னால் வழி திரும்புகிற முனையை மட்டும் மழுக்கினேன். போட்டவை எல்லாம் சூட்டுக்கும் அழுத்தத்துக்குமானவை. புகை வால்வு அதே அளவில், சூடு தாங்குகிற உலோகத்தில். வால்வுத் தண்டு ஏறி இறங்குகிற வெண்கலக் கைடு, சூட்டைச் சீக்கிரம் இறக்குவதற்கு. டர்போ காற்று பின்னால் இருந்து வால்வைத் தள்ளும், அதற்கு ஈடு கொடுக்கிற ஸ்பிரிங். அதுவும் அளவோடு, கடினம் கூடினால் கேமைத் தின்றுவிடும். ஹெட்டை இறுக்க நல்ல ஸ்டட்டுகள். சீட்டை மூன்று கோணத்தில் வெட்டினேன். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து அறைகளில் பெட்ரோல் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு சொட்டுகூட இறங்கியிருக்கவில்லை.

பாய் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஹெட்டின் பக்கம் திரும்பினார்.

போட்டிக்கு நானும் பாயும் போனோம். அவர் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் பாதி மலையில், கயிறு கட்டி ஆட்களை நிறுத்தியிருந்த ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு ஏறிப்போய் நின்றேன். பூங்கொடி அங்கே எப்படி வருகிறார் என்று போனில் சொல்ல வேண்டும் என்பது பாய் உத்தரவு.

ஒவ்வொரு வண்டியாக வந்தது. எல்லாம் வளைவில் திரும்பி, ஒரு கணம் திக்கி, பிறகுதான் ஏறின. பூங்கொடி வண்டி வருகிற சத்தம் கீழே இருந்தே எனக்குத் தெரிந்தது. பிரேக். வளைவு. வண்டி நிமிரவில்லை, அதற்குள் டர்போ விசில் எழும்பிவிட்டது! திக்கவே இல்லை. சரளையை என் காலடிக்கு வாரி அடித்துவிட்டு மேலே போயே போய்விட்டது.

"பாய், தூங்கல! பாய், தூங்கல!" என்று கத்தினேன். கூட்டத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

போனில் பாய் கேட்டார்: "சில்லுச் சத்தம்?"

"இல்ல பாய். சுத்தமா இல்ல."

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் நேரம் சொன்னார்கள். எனக்குக் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பையன்கள் குதித்ததைப் பார்த்துத்தான் முதலிடம் என்று தெரிந்துகொண்டேன்.

மேலே போனபோது டீம் ஆட்கள் பூங்கொடியைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார். அழுதிருக்கிறார், முகம் முழுக்கச் சிரிப்பும் இருந்தது. என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சாவியை என் கையில் வைத்தார். "எடம் கெடச்சிருச்சுங்கண்ணா! இவங்க வண்டியில பேசிக்கிட்டே வாரேன். நீங்க நம்ம வண்டியக் கீழ கொண்டாந்துருங்க."

வாடிக்கையாளர் வண்டியைப் பட்டறைத் தெருவுக்கு அப்பால் நான் ஓட்டியதில்லை. மெதுவாக, மாட்டு வண்டி மாதிரி, இறக்கிக்கொண்டு வந்தேன். அடிவாரத்தில் பாய் கையைக் காட்டி நிறுத்தினார். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். ரோட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

"திருப்புலே."

"எங்க பாய்?"

"மேலதான். நாம செஞ்ச ஹெட்டு, நாம போய்ப் பாக்க வேணாமா?"

திருப்பினேன். முதல் வளைவுக்கு ஹாரன் அடித்தேன், எதிரே ஒன்றும் இல்லை. வளைத்தேன். நிமிர்கிற இடத்தில் காலை அழுத்தினேன். முதுகு சீட்டில் போய் ஒட்டியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டுப் பாயைப் பார்த்தேன். அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்லே கால எடுத்த?" என்றார். "அடுத்த வளைவு இருக்குல்ல, போ."